வேலை போன வருடத்தில் தூக்கணாங்குருவியைப் பார்த்தவர்: பறவை மனிதர் சலீம் அலி

மழை ஈரம் பட்டுவிட்டால் கன்னிவாடிப் பக்கம் கிணற்றோரப் பனைகளிலும் தென்னைகளிலும் தூக்கணாங்குருவிகள் கூடு பின்ன ஆரம்பித்துவிடும். ஒரே ஓலையில் நாலைந்து கூடுகள் காற்றில் ஆடும். மஞ்சள் தலையோடு ஆண் குருவிகள் போடும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டேதான் நம்மில் பலர் சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்புகிறோம். கேட்கிறோம், கடந்து போகிறோம். நின்று பார்ப்பவர்கள் குறைவு.

இதே குருவியை நின்று பார்த்த ஒருவர் இருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் பட்டம் இல்லை. பார்த்து வந்த வேலையும் போய்விட்டது. கடலோரச் சிற்றூர் ஒன்றில் குடியிருந்தபடி, வீட்டருகே கூடு கட்டிய குருவிகளை ஒரு மழைக்காலம் முழுவதும் கவனித்தார். அவர் எழுதி வைத்த செய்தி பறவை அறிஞர்களை வியக்க வைத்தது. அவர்தான் இந்தியாவின் பறவை மனிதர் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட சலீம் அலி.

அவர் பெற்ற விருதுகளின் பட்டியலை எங்கும் படித்துவிடலாம். விருதுகளுக்கு முந்தைய சலீம் அலியைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். தேர்வில் தடுமாறி, வேலை கிடைக்காமல் அலைந்து, கிடைத்ததையும் இழந்து, அப்போதும் பார்ப்பதை விடாத மனிதர் அவர்.

மாமா வீட்டில் வளர்ந்த பிள்ளை

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயும் வஃபாத்தானார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் இந்தப் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டனர். அவர்களுக்குச் சொந்தமாகக் குழந்தை இல்லை. மும்பை கேத்வாடியில் இருந்த அந்த வீடுதான் சலீமுக்குத் தெரிந்த வீடு.

தயாப்ஜி குடும்பம் நாட்டு விடுதலை வரலாற்றில் பெயர் பதித்த குடும்பம். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்ற பத்ருத்தீன் தயாப்ஜி இந்தக் குடும்பத்தவர். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியடிகள் கைதானதும் தொண்டர்களை வழிநடத்திச் சிறை சென்ற அப்பாஸ் தயாப்ஜியும் சலீமுக்கு மாமன் முறைதான்.

அமீருத்தீன் மாமா வேட்டைப் பிரியர். சிறுவன் சலீமுக்கு ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். அதைக் கொண்டு குருவி அடிப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் அடித்து வீழ்த்திய குருவியைக் கையில் எடுத்தவன், அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருப்பதைக் கண்டான். வீட்டைச் சுற்றிப் பறக்கும் சிட்டுக்குருவிக்கு அப்படி ஒன்று கிடையாதே! இது எந்தக் குருவி? இதைச் சாப்பிடலாமா, கூடாதா? குழம்புச் சட்டிக்குப் போக வேண்டிய குருவியை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினான்.

மாமாவுக்கும் விடை தெரியவில்லை. இங்கேதான் ஒரு பெரியவரின் பண்பை நாம் கவனிக்க வேண்டும். வேலையைப் பார் என்று அவர் பிள்ளையை விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராக இருந்த டபிள்யூ.எஸ். மில்லார்ட் என்ற ஆங்கிலேயரிடம் அனுப்பி வைத்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்ன மில்லார்ட், சங்கத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். ஒரு மாமாவும் ஒரு செயலாளரும் ஒரு சிறுவனின் கேள்விக்கு மதிப்புக் கொடுத்த அந்த நாளில் இருந்துதான் இந்தியப் பறவையியலின் பெரிய அத்தியாயம் ஒன்று தொடங்குகிறது.

படிப்பு ஏறவில்லை, தொழில் ஒட்டவில்லை

சலீம் வகுப்பில் முதல் மாணவர் இல்லை. பதின்மூன்று வயது முதல் தீராத தலைவலி. அதனால் பள்ளிக்குப் போவது அடிக்கடி தடைப்பட்டது. காற்று மாற்றத்துக்காகச் சிந்துப் பகுதியில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1913-ல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத் தடுமாறித் தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் கணக்குப் பாடத்துக்குப் பயந்து பாதியில் விட்டார்.

பர்மாவில் தவாய் என்ற ஊரில் குடும்பத்துக்குச் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. அதைக் கவனிக்கச் சொல்லி அனுப்பினார்கள். சுற்றிலும் காடு. தொழிலைப் பார்த்த நேரத்தைவிடக் காட்டில் பறவை பார்த்த நேரமே அதிகம். 1917-ல் மும்பைக்குத் திரும்பியவர், ஒரு பக்கம் வணிகச் சட்டமும் கணக்கியலும், இன்னொரு பக்கம் புனித சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். 1918 டிசம்பரில் உறவுக்காரப் பெண்ணான தெஹ்மினாவை நிக்காஹ் செய்துகொண்டார்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பணிக்கு முயன்றார். முறையான பட்டம் இல்லை என்பதால் அது கைகூடவில்லை. 1926-ல் மும்பை பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். ஆனால் பாடம் செய்த பறவைகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பது அவருக்குப் போதவில்லை. 1928-ல் விடுப்பு எடுத்தார். ஜெர்மனிக்குப் போய் பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேஸ்மான் என்ற பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். செத்த பறவையை அளந்து வைப்பதோடு நில்லாமல், உயிருள்ள பறவையின் வாழ்க்கையைப் பின்தொடரும் வழியை அவர் கற்றது அங்கேதான்.

1930-ல் ஊர் திரும்பினால், வேலை இல்லை. நிதி இல்லையென்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

கிஹிமில் ஒரு மழைக்காலம்

வெளிநாடு போய்ப் படித்து வந்தவர் வேலை இல்லாமல் நின்றால் ஊரும் உறவும் என்ன பேசும் என்று நமக்குத் தெரியாதது இல்லை. சலீமும் தெஹ்மினாவும் மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சலீமுக்கு நேரம் நிறைய இருந்தது. மறைவாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

அதுவரை எல்லோரும் நினைத்தது எளிமையானது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கூடு கட்டும், அதில் குடும்பம் நடத்தும். சலீம் கண்டது வேறு. கூடு பின்னும் வேலை முழுக்க ஆண் குருவியுடையது. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்துக் கொண்டுவந்து, கவிழ்த்த குல்லாய் போல் பாதிக் கூட்டைப் பின்னிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பிறகு பெண் குருவிகள் கூட்டமாக வந்து கூடுகளைச் சோதித்துப் பார்க்கும். உள்ளே போய் இழுத்துப் பார்த்து, பிடித்தால் மட்டும் ஒரு பெண் குருவி அந்தக் கூட்டில் தங்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே தொங்கி வீணாகும். பனையில் பாதிக் கூடுகள் ஏன் தொங்குகின்றன என்ற கேள்விக்கு இதுவே விடை.

பெண் குருவி வந்து தங்கிய பிறகுதான் முட்டை அறையையும் நீண்ட வாசல் குழாயையும் ஆண் முடித்துக் கொடுக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைப் பின்னப் போய்விடும். அந்தக் கூட்டுக்கு இன்னொரு பெண் குருவி வரும். ஒரே பருவத்தில் ஒரு ஆண் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகளைக் கட்டி முடிக்கும். அடைகாப்பது பெண்ணின் பொறுப்பு.

இதைக் கண்டுபிடிக்க அவருக்குத் தேவைப்பட்டவை கண், பொறுமை, ஒரு நோட்டு. பெர்லினில் கற்ற முறை துணை நின்றது என்பது உண்மை. ஆனால் பார்த்த பறவை நம் நாட்டில் எந்தக் கிணற்றோரத்திலும் இருக்கும் பறவைதான். தூக்கணாங்குருவி மின்மினியைச் சேற்றில் ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் கதை சொல்லுவார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், உட்கார்ந்து சரிபார்க்கவில்லை. சலீம் அலி உட்கார்ந்தார்.

கூலி கேட்காமல் நாடு சுற்றினார்

அடுத்து அவர் எடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. சமஸ்தானங்களில் உள்ள பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன், சம்பளம் வேண்டாம், பயணச் செலவையும் முகாம் செலவையும் மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். 1931-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்தப் பயணம் கொச்சி, திருவிதாங்கூர், மைசூர், போபால், இந்தூர், குவாலியர் என்று நீண்டது. 1933-ல் திருவிதாங்கூர் கணக்கெடுப்பின்போது மறையூர் பகுதியிலும் முகாமிட்டார். கன்னிவாடியில் நின்றால் தெரிகிற பழனி மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் அது. அதே பயணத்தில் அவர் வியந்து பாராட்டிய தட்டேக்காடு, 1983-ல் அவர் பெயரிலேயே பறவைகள் சரணாலயம் ஆயிற்று.

காட்டுக்குள் கூடாரம், மாட்டுவண்டிப் பயணம், மலேரியா பயம். வசதியாக வளர்ந்த தெஹ்மினா இவ்வளவுக்கும் கணவருடன் நின்றார். 1939-ல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் இறந்துபோனார். சலீமுக்கு அது பேரிடி. சகோதரி வீட்டில் போய்த் தங்கினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. மீண்டும் பறவைகளைத் தேடிக் காட்டுக்குள் நடந்தார். அலைந்ததெல்லாம் கைகூடியதும் இல்லை. இமயமலைக் காடை என்ற அரிய பறவையைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒருவகைத் தூக்கணாங்குருவியைக் குமாயூன் அடிவாரத்தில் மீண்டும் கண்டறிந்தார்.

1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்த பறவை பார்த்தலைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்த நூல் அது. சிறையில் இருந்தபோது நேரு அதை விரும்பிப் படித்து, மகள் இந்திராவுக்கும் அனுப்பி வைத்தார். பின்னர் அமெரிக்க அறிஞர் எஸ். டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் முழுவதையும் பத்துத் தொகுதிகளில் எழுதி, 1974-ல் நிறைவு செய்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்து ஏழு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கால வழக்கப்படி ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர்தான் அவரும். அறிவியலுக்கு அது தேவை என்று கருதினார். ஆனால் பறவைகளின் உறைவிடம் அழிவதை எதிர்த்து அவரைப்போல் நின்று போராடியவர்கள் அதிகம் இல்லை. ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலையைக் காப்பாற்றியதிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைத் திட்டத்திலிருந்து மீட்டதிலும் அவர் குரலுக்குப் பங்கு உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு பணமில்லாமல் தள்ளாடிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைப் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதி நிமிர வைத்தவரும் அவர்தான்.

தமிழகத்துக்கு அவர் தந்தது

பறவைகளின் காலில் சிறு வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, அவை எங்கே போகின்றன என்று அறியும் பணியை அவர் நாடெங்கும் நடத்தினார். அதில் முக்கியமான இடம் நம் கோடிக்கரை. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வடகோடியிலிருந்து வரும் பறவைகள் ஏராளம்.

நம் பக்கத்து மலையிலும் அவர் பெயர் இருக்கிறது. 1948-ல் மேகமலையில் பிடிபட்ட ஒரு வௌவாலை, தெரிந்த வகை என்று எண்ணிச் சங்கத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். 1972-ல்தான் அது உலகம் அறியாத புதிய இனம் என்று தெரிந்தது. அதற்குச் சலீம் அலி பழந்தின்னி வௌவால் என்று பெயர் சூட்டினார்கள். வௌவால் பிடிபட்ட நாளில் மேகமலையும் நம் திண்டுக்கல்லும் ஒரே மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. 1990-ல் தொடங்கப்பட்ட, அவர் பெயரைத் தாங்கிய பறவையியல் ஆய்வு மையமும் கோவை ஆனைகட்டியில் இயங்கி வருகிறது.

பட்டம் இல்லை என்று ஒரு காலத்தில் வேலை மறுக்கப்பட்டவருக்கு 1958-ல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் பத்ம பூஷண், 1976-ல் பத்ம விபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி. 1976-ல் 50,000 டாலர் பரிசாகக் கிடைத்தபோது இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அதைக் கொடுத்தார். 1987-ல் தொண்ணூறு வயதில் மும்பையில் காலமானார்.

நம் வாசலில் ஒரு வருடம்

சலீம் அலியின் வாழ்க்கையைப் படித்துவிட்டு மூடி வைத்தால் அதில் பயன் இல்லை. அவர் செய்ததைச் செய்ய நாம் காட்டுக்குப் போக வேண்டியதும் இல்லை. பழனி மலை அடிவாரத்தில் இருக்கிறோம். வயலும் தோப்பும் குளமும் வீட்டுக்கு அருகில் இருக்கின்றன.

சித்திரை, வைகாசி வெயிலில் குயில் விடாமல் கூவும். காக்கைக் கூட்டில் அது முட்டையிடும் காலம் தொடங்குகிறது என்று பொருள். ஆடிக் காற்றில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டான் எழும்பிப் பூச்சியைப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புவதைப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் வடக்கேயிருந்து வாலாட்டிக் குருவிகள் வந்து ஓடைக்கரையில் நடமாடும். ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வந்துவிடும். இமய அடிவாரத்திலிருந்து இரவில் பறந்து வரும் அந்த வண்ணக்குருவி, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர் பெற்றது. கார்த்திகை மழையில் குளம் நிறைந்தால் கொக்கும் நாரையும் சேரும். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம்வரை ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். தை, மாசியில் சோளக்குருவிகள் மேகம்போல் வயலில் இறங்கி எழும். பங்குனிக்குள் விருந்தாளிகள் ஒவ்வொருவராக விடைபெறத் தொடங்குவார்கள்.

பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுப்போம். நாள், நேரம், இடம், பார்த்த பறவை, அது என்ன செய்தது. இவ்வளவு எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் வாலையும் எழுதட்டும். அடுத்த வருடம் அதே மாதத்தில் திருப்பிப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியைப் பாருங்கள். கூட்டைத் தொடாமல், கல் எறியாமல் பார்க்கவும் சொல்லிக் கொடுப்போம்.

இதில் நமக்கு ஒரு கடமையும் இருக்கிறது. போர்வெல் வந்த பிறகு பழைய கிணறுகள் தூர்ந்து போகின்றன. கிணற்றோரப் பனைகள் செங்கல் சூளைக்குப் போகின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. ஆனாலும் ஒரு பனை நிற்பதும் சாய்வதும் பெரும்பாலும் அந்த நிலத்துக்காரர் கையில்தான் இருக்கிறது. நம்மில் பலர் நிலத்துக்காரர்கள். கூடு தொங்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும்வரையாவது விட்டுவைப்போம். முடிந்தால் எப்போதும் விட்டுவைப்போம்.

வேலை தேடி அலையும் இளைஞர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்ததால் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் சலீம் அலியின் 1930-ஆம் வருடத்தைச் சொல்லுங்கள். எல்லோரும் பறவையியலாளர் ஆகப் போவதில்லை. ஆனால் வீணாகிப்போனதாக ஊர் நினைத்த ஒரு வருடத்தில், வீட்டுப் பக்கத்து மரத்தை அண்ணாந்து பார்த்த மனிதருக்கு வாழ்நாள் முழுவதற்குமான வழி திறந்தது. அந்தக் குருவி இன்றும் நம் ஊரில் கூடு கட்டுகிறது. நாளைக் காலை தொழுகை முடிந்து வரும் வழியில் பிள்ளையின் கையைப் பிடித்து அங்கே ஐந்து நிமிடம் நிற்போம்.